ஸ்கோரும் சாத்திரமும்

கட்டுமாவடி பாக் விரிகுடாவின் கரையில் இருக்கிறது. மத்திய அலை வானொலி, நிலத்தைவிட உப்புநீரின் மேல் வெகுதூரம் போகும். அதனால் இந்தக் கரையோர ஊர்களுக்கு, 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தைப் போலவே இலங்கை வானொலியும் பக்கத்து வீட்டுக் குரலாக இருந்தது. நியூயார்க்கில் 1987 ஜூலை 1 அன்று தொடங்கிய டபிள்யூஃபேன் போல, நாள் முழுதும் விளையாட்டையே பேசும் நிலையம் நம் பக்கம் வரவில்லை. நமக்குக் கிடைத்தது பொது வானொலியில் ஆட்ட நாட்களில் மட்டும் ஒலித்த வர்ணனை. அப்துல் ஜப்பார், கூத்தபிரான், இராமமூர்த்தி போன்றோரின் தமிழ்க் குரல்கள் வழியே, சேப்பாக்கத்தை ஒருநாளும் பார்த்திராதவர்களும் அங்கே எந்தப் பக்கம் பந்து போனது, யார் ஆட்டமிழந்தார் என்று தெரிந்துகொண்டார்கள். அப்படித் தெரிந்துகொண்டது உண்மையான அறிவா, வெறும் நம்பிக்கையா? ஆகமத்தையும் குர்ஆனையும் விவிலியத்தையும் கேட்டு வாழ்கிறவர்களை நோக்கிக் காலங்காலமாக எழுப்பப்படும் கேள்வியும் இதுதான். அதை ஆகமத்தில் வைத்துப் பேசினால் உடனே சூடு ஏறிவிடுகிறது. கிரிக்கெட்டில் வைத்துப் பேசினால் நிதானமாக யோசிக்கலாம்.

தமிழில் இந்த விவாதம் பழையது. மணிமேகலையில் அளவைவாதி, அறிவு பெறும் வழிகளான அளவைகள் பத்தை அடுக்குகிறான். பௌத்தரான அறவண அடிகள், நேரே காணும் காட்சி, ஊகித்தறியும் கருத்து என்ற இரண்டோடு நிறுத்துகிறார். உலோகாயதருக்குக் காட்சி ஒன்றே போதும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவம் காண்டல், கருதல், பிறர் சொல்லக் கேட்டறியும் உரை என மூன்றில் எல்லாவற்றையும் அடக்குகிறார். உரை தனி அளவை அல்ல, கருதலாகிய அனுமானத்தின் ஒரு வகைதான் என்பது பௌத்தரும் வைசேடிகரும் சொன்ன வாதம். இந்தக் குரல் இதுவரை பொய் சொன்னதில்லை, ஆகவே இப்போதும் மெய்தான் என்று கேட்பவர் ஊகிக்கிறார், அவ்வளவே என்பார்கள் அவர்கள். கூர்மையான வாதம்தான். ஆனாலும் நான் அருணந்தியார் பக்கமே நிற்கிறேன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்தை வெட்டி ஆடினார், பாயிண்டைத் தாண்டி நான்கு ஓட்டங்கள் என்று வர்ணனையாளர் சொல்கிறார். பந்து விழுந்த இடம், மட்டை போன வாட்டம், எல்லைக்கோடு எல்லாம் அந்தச் சொல்லிலிருந்தே கேட்பவருக்குக் கிடைக்கின்றன. பேசுபவர் நம்பத் தகுந்தவர் என்ற ஊகம் சந்தேகத்தைத் தள்ளிவைக்க உதவலாம். பந்து பாயிண்டைத் தாண்டியதை அந்த ஊகத்திலிருந்து ஒருவராலும் கறந்துவிட முடியாது. மறுநாள் செய்தித்தாளில் சரிபார்த்துக்கொள்ளலாமே என்றால், செய்தித்தாளும் யாரோ ஒருவரின் உரைதான்.

மைதானத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்கத் தோன்றும். 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி. இந்தியா 347-இல் நிற்கிறது. கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தை கிரெக் மாத்யூஸ் வீச, அது மணிந்தர் சிங்கின் காலில் படுகிறது. நடுவர் விக்ரம் ராஜு விரலை உயர்த்துகிறார். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறையாக ஓர் ஆட்டம் சமனில் முடிகிறது. பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணிந்தர் பிற்காலத்திலும் சொல்லிவந்தார். அரங்கம் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் மட்டையில் பட்டதா இல்லையா என்பது அங்கிருந்த கண்களுக்கு எட்டவில்லை. அவர்களுக்கும் முடிவைத் தந்தது நடுவரின் தீர்ப்பும் ஸ்கோரர் வைத்திருந்த கணக்கும்தான். ஆட்டம் சமன் என்ற செய்தியைப் பொறுத்தவரை, கேலரியில் இருந்தவரும் கட்டுமாவடியில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்திருந்தவரும் ஒரே நிலையில் இருந்தார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு, வர்ணனையாளர் இட்டுக்கட்டலாமே என்பது. நடந்தும் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன், 1930-களில் அயோவா மாநிலத்தின் டபிள்யூஎச்ஓ நிலையத்தில், தந்தியில் வரும் குறிப்பை வைத்துக்கொண்டு பேஸ்பால் ஆட்டத்தை நேரில் பார்ப்பதுபோல் வர்ணித்தார். ஒருநாள் தந்தி நின்றுபோக, பந்தடிப்பவர் பந்து பந்தாகக் கோட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டே இருப்பதாகச் சில நிமிடங்கள் கற்பனையாகவே ஓட்டினார். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. 1938-இல் இங்கிலாந்தில் நடந்த டெஸ்டுகளை சிட்னி ஸ்டுடியோவிலிருந்து வர்ணித்தவர்கள், பென்சிலால் மரத்தைத் தட்டி மட்டையின் ஒலியை உண்டாக்கினார்கள். ஒலி போலியானது, ஆனால் தந்தி கொண்டுவந்த ஆட்டம் உண்மையில் நடந்தது. ரீகனின் அந்தச் சில நிமிடங்களில் அதுவும் இல்லை. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், சொல்லை நம்பத் தகுந்தவனான ஆப்தனுக்கு இரண்டு இலக்கணம் வைக்கிறார்: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சொல்லிவிடுகிறார். அவ்வளவு காலத்துக்கு முன் ஒரு வைதிக நூலில் அப்படிச் சொன்னது பெரிய மனம். தந்தி நின்ற நேரத்தில் ரீகனிடம் முதல் இலக்கணமே இல்லை. கானல்நீரில் ஏமாந்தோம் என்பதற்காகக் கண்ணை யாரும் தள்ளிவைப்பதில்லை. ஒருவர் இட்டுக்கட்டினார் என்பதற்காக உரையைத் தள்ளுவதும் அதுபோலத்தான்.

இங்கே சமயவாதி அவசரப்பட்டு மகிழக் கூடாது. ஸ்கோர் யாரோ ஒருவர் பார்த்த பொருள். முத்தியை யார் பார்த்தார்? காணத்தக்கதைப் பற்றிய உரை, காணமுடியாததைப் பற்றிய உரை என்று நியாய நூலே இரண்டாகப் பிரிக்கிறது. பிறகு, மந்திரமும் ஆயுர்வேதமும் பலித்ததைக் காட்டி வேதத்தையும் நம்பச் சொல்கிறது. இந்தப் பாலம் எனக்குப் போதவில்லை. மருந்தைச் சரியாகச் சொன்னவர் மறுமையையும் அறிந்தவர் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. எல்லாம் அறிந்த இறைவனே சொன்னான் என்பது சைவ சித்தாந்தத்தின் விடை. ஆனால் இறைவன் சொன்னான் என்ற செய்தியும் மனித வாய் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. எனவே வானொலியின் உதாரணம் எந்த வேதத்தையும் மெய்யென்று நிறுவாது. கேட்டு வாழ்வது அறிவுக்கு இழுக்கு என்ற பழியை மட்டும் அது நீக்குகிறது. தமிழ்நாட்டின் பகுத்தறிவு இயக்கம் சாத்திரங்களைத் தாக்கியபோது பெரும்பாலும் கேட்டது, இதைச் சொன்னவனுக்கு இதில் என்ன லாபம் என்பதுதான். வாத்ஸ்யாயனரின் இரண்டாம் இலக்கணத்தை வைத்துத் தொடுத்த கேள்வி அது. ஆத்திகர் அதை நாத்திகம் என்று ஒதுக்கித் தப்பிக்க முடியாது. பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து கட்டுமாவடி இருக்கும் புதுக்கோட்டைக் கரையையும் சிதைத்தது. நாட்களுக்கு முன்பே வந்த எச்சரிக்கையைக் கேட்டுப் படகை மேடேற்றியவர்கள் புயலைப் பார்த்துவிட்டு ஏற்றவில்லை. பார்த்தபின் நம்பலாம் என்று காத்திருக்கக் கடல் இடம் கொடுக்காது. அப்படி உயிரையே ஒப்படைத்துக் கேட்கிறவர்கள் இருப்பதால்தான் சொல்பவரின் பொறுப்பு கனக்கிறது. நல்ல வர்ணனையாளர், பந்து மட்டையில் உரசியதா என்று தெரியாதபோது தெரியவில்லை என்றே சொல்லி நடுவரின் முடிவுக்குக் காத்திருப்பார். தான் கண்டது எது, கேட்டது எது, வேண்டுமென்று விரும்புவது எது என்று பிரித்துச் சொல்லும் அந்த ஒழுக்கத்தைப் பிரசங்க மேடைகளிலும் கதாகாலட்சேபங்களிலும் பயான்களிலும் கேட்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு.