வெயில் காய வந்தவர்கள்



மார்கழி, தை மாதங்களில் காலைத் திருப்பலி முடிந்து போகும்போது கோயில் மதிற்சுவரைக் கொஞ்சம் பாருங்கள். வெயில் விழுந்ததும் ஓணான் ஏறி வந்து, உடம்பைத் தட்டையாக்கி, விலாவைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அதனால் வேகமாக ஓட முடியாது. அது தெரிந்துதான் பையன்கள் கல்லெடுக்கிறார்கள். வேண்டாம் பிள்ளைகளே, அதுவும் ஆண்டவரின் படைப்புதான்.

ஓணானுக்கும் பாம்புக்கும் ஆமைக்கும் தவளைக்கும் உடம்பைச் சூடாக வைத்திருக்கும் அடுப்பு உள்ளே இல்லை. சூட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் ஓணானின் இரத்தமும் நம்முடையதைப் போலவே சூடாகிவிடும். மிஞ்சினால் நிழலுக்கு ஓடிவிடும். நமக்கும் காக்கைக்கும் தெருநாய்க்கும் அடுப்பு உள்ளேயே எரிகிறது. அக்கினி நட்சத்திரத்தில் காக்கை அலகைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உலைக்கு முன்னால் நிற்கும் நம் சகோதரர்களின் உடம்பும் 37 டிகிரியை ஒட்டியே நிற்கிறதென்றால், சட்டை நனைய வடியும் வியர்வைதான் காரணம்.

ஆனால் அடுப்பு எரிய விறகு வேண்டுமே! தன் எடையுள்ள எலி தின்பதில் பத்தில் ஒரு பங்குகூட ஓணானுக்கு வேண்டாம். எலியோ சில நாள் பட்டினி கிடந்தால் செத்துவிடும். அன்பானவர்களே, நம் விசுவாசச் சூடும் நம் சாமர்த்தியம் அல்ல. ஞாயிறுதோறும் நற்கருணையை உண்கிறோம். அதனால்தான் ஆறிப்போகாமல் இருக்கிறோம்.

அப்படியிருக்க, குடியாலோ கடனாலோ துக்கத்தாலோ உள்ளம் சில்லிட்டுப் போனவர் எப்போதாவது வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தால், நாம் அவரை எப்படிப் பார்க்கிறோம்? "இன்றைக்குத்தான் வழி தெரிந்ததா?" என்று கேட்கிறோமே, அதுவும் கல்லெறிதல் இல்லையா?

தந்தையின் கதிரவன் ஆள் பார்த்து உதிப்பதில்லை என்று மலைப்பொழிவில் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். தனக்குள் சூடில்லை என்று இன்று உணர்கிறவரே, கலங்காதீர்கள். வெறுமனே வந்து உட்காருங்கள், போதும். இரக்கம் உங்கள் மேல் விழட்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூந்தமல்லிப் பக்கமோ அம்பத்தூர்ப் பக்கமோ, உங்கள் அன்பியத்தில் வெகுநாளாய் வராத ஒரு வீடு இருக்கும். இந்த வாரம் போய் வாருங்கள். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.