ஊழும் முற்காப்பும்

உயிர்கட்கு வரும் துன்பங்களை மூவகையாகப் பகுத்துரைத்தல் நூல்வழக்கு. தன்னாலும் பிற உயிர்களாலும் வருவன ஆதியான்மிகம். மழை, காற்று, இடி முதலிய பூதங்களின்வழி வருவன ஆதிபௌதிகம். தெய்வத்தான் வருவன ஆதிதெய்விகம். மூன்றும் வினைப்பயனே என்பது சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாயின், பெருமழையையும் பெருவறட்சியையும் முன்னறிந்து அளவிட்டு, அவை வாராமுன்னரே பொருள் செலவிட்டுக் காப்புச் செய்தல் வீண்முயற்சியன்றோ எனச் சிலர் வினவுவர். இவ்வினாவிற்குக் கூறும் விடையைப் பொறுத்துப் பல்லுயிர்களின் வாழ்வு நிற்றலின், இஃது ஆராய்தற்குரியது.

சேலம் நகருக்கு வடபால் ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்தது ஏற்காடு. புயல் கடற்கரையூர்க்கே உரிய இடர் என்பது மலைவாழ்நர் பலரது எண்ணம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயல் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மண்சரிவில் எழுவர் புதையுண்டு மாண்டனர். மறுநாட் காலையொடு முடிந்த 24 மணிநேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பெய்தது. ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரவு தடையுற்றது.

இத்தகைய மழை அரிதாகலின் அதன்பொருட்டுப் பெருஞ்செலவு மிகையாம் எனின், அற்றன்று. அருமை வேறு, சிறுமை வேறு. ஓர் இடரை அளப்பார், அஃது எத்துணை முறை வரும் என்பதனோடு, வந்தால் எதனை மீட்க இயலாது என்பதனையும் உடன்வைத்து எண்ணல்வேண்டும். இடிந்த பாதையை மீண்டும் கட்டலாம்; இழந்த உயிரை மீட்டல் இயலாது.

இவ்வுண்மையைச் சேர்வராயன் மலையடியில் வாழ்ந்தோர் முன்னரே பெருந்துயருற்று அறிந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய பெரும்பஞ்சத்தில், மிகக் கொடிதாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கில் 19 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த அதன் மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சம் அளவாயிற்று. பஞ்சத்தின் நடுவே, 1877இல், செலவு மிகுமென அஞ்சி நிவாரண வேலைக்கூலியை அரசாங்கத்தார் குறைத்தனர். பணத்தின் அளவு கணக்கிடப்பட்டது. உயிரின் அளவு கணக்கிடப்படவில்லை. பின்னர்ப் பஞ்ச விசாரணைக் குழுவினர் 1880இல் அறிக்கை தந்தனர். 1883இல் சென்னை மாகாணத்துக்குப் பஞ்ச விதித்தொகுப்பு எழுந்தது. தானியவிலை ஏறுதல், மக்கள் ஊர்விட்டு அலைதல் முதலிய குறிகளைக் கண்டவுடனே உதவியைத் தொடங்கும் நெறி அதனால் வகுக்கப்பட்டது. புகைகண்டு தீயைத் துணியும் கருதலளவையே இது.

எனினும் பண்டை அனுபவம் ஒன்றே இன்று போதிய அளவுகோலாகாது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்தலான் உலகின் வெம்மை ஏறிவருகின்றது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெம்மை, இயந்திரத் தொழில் பெருகுதற்கு முற்பட்ட காலத்ததினும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மிகுந்தது. வெம்மை ஒரு பாகை ஏறின், காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யுங்கால் ஒருங்கே கொட்டும் மழையும் மிகும். சரிவை வெட்டி மனை எழுப்புதலும் ஓடைவாயை அடைத்தலும் அதன் கேட்டைப் பெருக்கும். எனவே, பூதங்களான் வருவதென வைத்து எண்ணப்பட்ட துன்பத்துள் மக்கள் செயலும் கலந்துவிட்டது. அதனை இனி முழுதும் ஆதிபௌதிகமென ஒதுக்கிவைத்தல் பொருந்தாது. செய்தோர் ஒருபாலும் துன்புறுவோர் ஒருபாலுமாக நிற்கின்றனர். ஏற்காட்டுக் காப்பித்தோட்டத்துக் கூலியாளும் மலையாளிப் பழங்குடியினரும் உலகின் புகையை மிகுத்தவரல்லர். சரிவின்கீழ் வாழ்வோர் அவரே.

இனி ஊழ் என்பார்க்கு விடை கூறுதும். வந்தடையும் துன்பம் பிராரத்தமாகலாம். அதனை முன்னறிந்தும் காவாதிருத்தலோ இப்பொழுது செய்யும் வினை. அது செய்தவனுக்கு ஆகாமியமாய் ஏறும். தன் துன்பத்தை ஊழென்று பொறுத்தல் அறிவுடைமை. பிறர் துன்பத்தை ஊழென்று கைவிடுதல் கொடுமை.

செய்யத்தக்கன தெளிவானவை. சரியுந் தன்மையுடைய சாரல்களை அளந்து குறித்தலும், ஓடைகளை அடையாது விடுதலும், ஊர்தோறும் மழைமானி வைத்தலும், அளவு மிகின் மக்களை அகற்றுதலும் ஆம். 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் நிகழ்ந்த மண்சரிவில் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். மழையளவு கொண்டு அதற்கு முன்னாளே கல்பற்றாவிலுள்ள ஹியூம் நிலையத்தார் எச்சரித்திருந்தனர். அறிதல் மட்டும் காவாது. அறிந்தபடி ஒழுகுதலே காக்கும். பத்துமுறை மக்களை அகற்றி ஒன்பதுமுறை சரிவு நேராதொழியின், அவ்வொன்பதும் வீணல்ல. பத்தாவது முறைக்குச் செலுத்திய விலையே. அவ்விலையைக் கொடுக்க இசையாதவர், அவ்வொரு நாளில் மாள்வோரின் உயிரை விலையாகக் கொடுத்தவராவர்.