தொடும் முன் கழுவுவதும் தொட்ட பின் கழுவுவதும்

தீட்டு என்பது பழைய காலத்துச் சுகாதாரம்தான் என்று வாதாடும் படித்த மேல்சாதியார் இன்னமும் இருக்கிறார்கள். கிருமி என்ற பெயர் தெரியாத காலத்திலேயே நம் முன்னோர் கிருமிக்குப் பயந்து குளித்தார்கள், தள்ளி நின்றார்கள் என்பது அவர்கள் வாதம. 2020இல் கொரோனா வந்தபோது இந்தப் பேச்சுக்குப் புது மவுசு ஏறியது. கோபப்படுவதை விட்டுவிட்டு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடியிருக்கும் இன்றைய ஆஸ்பத்திரி வார்டுக்குள் இந்த வாதத்தைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த நோயாளிக்கு நாலாம் நாள் காய்ச்சல் காண்கிறது. தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கிறது. ஊசிக்கு மேல் ஊசி போட்டும் அடங்கவில்லை. எந்த நோய்க்கு வந்தாரோ அதனால் அல்ல, வந்த இடத்தில் பிடித்ததால் சாகிறார். வார்டிலும் வெளியிலுமாக, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாகி 2019இல் மட்டும் உலகம் முழுக்க 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. கடைசி மருந்து என்று வைத்திருந்த கார்பபெனம் வகையையே முறிக்கும் என்டிஎம்-1 பற்றி 2010இல் வந்த ஆய்வில் சென்னை நோயாளிகளின் மாதிரிகள் இருந்தன. அந்தப் பெயரில் ‘நியூ டெல்லி’ இருப்பதற்குத்தான் அரசாங்கத்துக்கு அப்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்ப் பேரைச் சொல்லி அழுக்கு என்று முத்திரை குத்தினால் எப்படி வலிக்கும் என்று சேரிக்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

இந்தக் கிருமிகள் பெரும்பாலும் காற்றில் பறந்து வருவதில்லை. கட்டிலுக்குக் கட்டில் அவற்றைக் கொண்டுபோவது கை. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் சாதுவாகக் குடியிருக்கிறது. கோத்திரம் விசாரித்து மூக்கைத் தேர்ந்தெடுப்பதில்லை. மருந்தை முறிக்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறு இனத்துப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று 1916இல் அம்பேத்கர் காட்டினார். கிருமிகளிடம் அந்த ஒழுக்கம் கிடையாது.

கையைப் பற்றிய உண்மை முதலில் வெளிவந்த கதை சுவையானது. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்த வார்டில், மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிடத் தாய்மார்கள் பல மடங்கு செத்தார்கள். டாக்டர் வார்டு வேண்டாம் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறார்கள். பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர். 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டு சொச்சமாக இறங்கியது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. எங்கள் கையா அழுக்கு? 1849இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865இல் மனநோய் விடுதியில் செத்தார்.

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. தீட்டுக்காரனும் கழுவுகிறான், டாக்டரும் கழுவுகிறார். இரண்டும் ஒன்றா? தீட்டுக்காரன் கழுவுவது தொட்ட பின். தன் சுத்தம் போய்விட்டதே என்று கழுவுகிறான். எதிரில் நிற்பவனுக்கு என்ன ஆனது என்பது அவன் கணக்கிலேயே வராது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் கைகழுவ வேண்டிய ஐந்து தருணங்களை வகுத்தபோது முதலாவதாக வைத்தது நோயாளியைத் தொடும் முன். அதாவது அழுக்கு உன்னிடம் இருக்கலாம், எதிரில் படுத்திருப்பவனை உன்னிடமிருந்து காப்பாற்று என்கிறது அது. தீட்டின் அறவியலில் இந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை. பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் எண்ணிப் பார்த்ததில் தொட்ட பின் கழுவுகிறவர்கள் அதிகம், தொடும் முன் கழுவுகிறவர்கள் குறைவு. ஆக இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. ஆனால் அதைச் சாஸ்திரமாக்கி வைத்திருப்பவர்கள் நாம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: “டாக்டருங்க ரவுண்ட்ஸ் வந்தா எங்கள வராண்டாவுக்குத் தொரத்துவாங்க தம்பி, கிருமி பரவுமாம். அந்தக் கட்டில்ல கெடக்கிறவருக்கு என்னான்னு ஒருத்தரும் சொல்றதில்ல. பீ மூத்திரம் அள்ளுறது நாங்க. ஒரு ஷிப்டுக்கு ஒரு சோடி கிளவுஸ், அதையே கழுவிக் கழுவிப் போட்டுக்குவோம். வார்டுல சீழ் கேசு கூடுச்சுன்னா மொதல்ல எங்களத்தான் மாத்துவாங்க.” ஒரே கிளவுசோடு பத்துக் கட்டிலைத் துடைத்தால் கிருமி பத்துக் கட்டிலுக்கும் போகும். அந்தக் கிளவுசை எண்ணிக் கொடுத்தவர் கை சுத்தமாக இருக்கிறது.

சரி, அப்படிப்பட்ட நோயாளியைத் தனியே ஒதுக்குகிறார்களே, அது தீண்டாமை இல்லையா என்று மாணவத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆதிச் சமூகங்களில் பிறப்பு, சாவு போன்றவற்றால் வந்த தீட்டு தற்காலிகமானது, சடங்கு முடிந்தால் தீர்ந்துவிடும்; தீண்டாமையோ பரம்பரையானது, தீராதது, ஊருக்கு வெளியே முள்வேலி போட்டு அடைப்பது என்று 1948இல் ‘தீண்டப்படாதோர்’ நூலில் அம்பேத்கர் பிரித்துக் காட்டுகிறார். மருத்துவ ஒதுக்கலுக்கு ஒரு முடிவு உண்டு. அதைவிட முக்கியம், ஒதுக்கப்பட்டவரிடம் கையுறை போட்டுக்கொண்டு போய்த் தொட வேண்டும் என்பது அதில் கட்டாயம். நடைமுறை அப்படியே இருக்கிறது என்று நான் சாதிக்க மாட்டேன். ஒதுக்கப்பட்ட நோயாளியின் அறைக்குள் டாக்டர்களும் நர்சுகளும் குறைவாகவே போகிறார்கள் என்று அயல்நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. போகாவிட்டால் அது மருத்துவம் இல்லை, சேரிதான்.

அக்கா வார்டில் அப்படிப்பட்ட கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்குமாம், இங்கிலீஷில். ஒன்பதாவது படிக்கும் மகளிடம் காட்டிக் கேட்கலாமென்று அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கையில் பேனாவால் வரைந்துகொண்டு போயிருக்கிறார். பஸ்ஸில் வியர்த்துப் பாதி அழிந்துவிட்டதாம்.