விபத்தும் பொறுப்பும்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலுள்ள பொல்சா சிக்கா ஈரநிலக் காப்பகத்தில், ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறுவிமானமொன்று வீழ்ந்தது. வீழ்ந்த இடம், ஆலா இனக் கடற்பறவைகள் கூடி அடைகாத்திருந்த மணற்றிட்டு. ஏறத்தாழ 3,000 பறவைகள் வெருண்டெழுந்து பறந்தன, மீளவில்லை. குறைந்தது 1,500 முட்டைகள் வெயிலிற் கிடந்து பாழாயின. இப்பறவை ஒரு பருவத்தில் இடுவது பெரும்பாலும் ஒரே முட்டை.

இயற்கை செய்யாத அழிவையா மனிதன் செய்துவிட்டான் எனச் சிலர் வினவக்கூடும். இவ்வினா அலட்சியத்திற்குரியதன்று. இதே ஆலாக்களின் மிகப் பெரும்பகுதி மெக்சிக்கோவின் ராசா தீவிலேயே குஞ்சு பொரிப்பது வழக்கம். எல் நினோ ஆண்டுகளிற் கடல் வெப்பமுற்றுச் சாளை மீன் அருகும்போது அவை அத்தீவைக் கைவிட்டு வடக்கே கலிபோர்னியாவை நாடுகின்றன. கடல் செய்யும் கொடுமைக்குப் பறவையிடம் ஒரு விடை உண்டு: வேறிடம் செல்லுதல்.

ஆனால் வேறிடம் எங்கே? கலிபோர்னியாவின் ஈரநிலங்களிற் பத்தில் ஒன்பது பங்கு வயலாகவும் துறைமுகமாகவும் மாளிகையாகவும் மாறிவிட்டது. பொல்சா சிக்காவே நெடுங்காலம் எண்ணெய் வயலாய்க் கிடந்தது. 2006இலேதான் கடல்நீர் மீண்டும் அதனுள் விடப்பட்டது. எஞ்சிய திட்டுகளில் ஆயிரக்கணக்கிற் பறவைகள் நெருங்கி வாழ நேர்ந்தமையாலன்றோ, ஒரு பொறியின் வீழ்ச்சி ஒரு குடியிருப்பு முழுவதையும் அழித்தது!

பொறியைப் பழிப்பது நம் நோக்கமன்று. 2015இல் வெளியான ஆய்வொன்றிற்காகப் பிரான்சில் ஆய்வாளர் வாத்து, பூநாரை முதலியவற்றை நோக்கி ட்ரோனைச் செலுத்திப் பார்த்தனர். ஐந்தில் நான்கு தடவை, நான்கு மீற்றர் தொலைவுவரை அணுகியும் பறவைகள் கலையவில்லை. தலைக்கு மேலிருந்து செங்குத்தாக இறங்கியபோதே மிகுதியும் கலவரமுற்றன. அறிந்து கையாள்வோனுக்கு அது நல்ல கருவியே.

காப்பகத்தின்மேல் அதனைப் பறக்கவிடுவது சட்டவிரோதம், பறக்கவிட்டவன் குற்றவாளியே. ஆயின், சட்டத்தின் துணையோடு சதுப்பு நிலங்களை விழுங்கி இலாபம் கண்டோரை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? நடந்ததை விபத்தென்று மட்டும் கூறுதல் அவர்களுக்கு வசதியான சொல்.

கடல் வெப்பமுறுதலுங்கூட இன்று முற்றாக இயற்கையின் செயலன்று. பொல்சா சிக்காவின் நிலத்தடியிலிருந்து பல்லாண்டு இறைக்கப்பட்ட எண்ணெயும் எங்கோ எரிந்தே தீர்ந்தது.