அப்பா அடித்த ஒட்டு

பாகான் டத்தோவில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பேராக் ஆறு, காற்றிலேயே உப்பு. அந்த ஊரில், தென்னந்தோப்புக் கொட்டகைக்குள் இருபத்திரண்டு வருடம் நின்றது எங்கள் எம்.ஜி.பி. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது, பட்டறை ஃபிட்டரான அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன காடி. அப்பா போன பிறகு யாரும் சாவியைத் தொடவில்லை.

போன வருடம் வெளியே இழுத்தோம். எஞ்சின் இறுகியிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவைத்து, கையாலேயே மெல்லத் திருப்பினோம், அசைந்தது. பிரேக் ரப்பர்கள் கல்லாகியிருந்தன. இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களில் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியிருந்தது. இதெல்லாம் சின்ன வேலை.

பெரிய வேலை கதவுக்குக் கீழே இருந்தது. கூரையில்லாத இந்தக் காடிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடுகள்தான் முதுகெலும்பு. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. பெயிண்டுக்குப் பின்னால் வெறும் புட்டி.

"பேசாம புது பாடியே வரவழைச்சிருங்கண்ணே," என்றார் தெலுக் இந்தான் வெல்டிங்காரர். தப்பான யோசனை இல்லை. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி. 1988-லிருந்து இங்கிலாந்தில் இதற்கு முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறார்கள்.

அன்றிரவு பின்பெட்டியின் தரையைச் சுரண்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு. சுற்றிலும் பதினோரு ரிவெட், ஒரே இடைவெளி. காடிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தால் தகரத்தில் மங்கலாக எழுத்து: பிஸ்கட் டின். அப்பாவின் கைவேலை. புது பாடி வந்தால் இது பழைய இரும்போடு போய்விடும்.

புதுப்பிப்பது என்றால் பிறந்த நாளுக்கே திரும்புவதா? அபிங்டன் தொழிற்சாலையை விட்டு இறங்கிய அன்றைய காடியை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது, அப்பா ஒக்கிட்டு ஒக்கிட்டு ஓட்டிய காடிதான். தோட்டத்துக் கோயில்களில் பழைய சுதையை உடைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டுகிறோமே, அப்போதும் இதைக் கேட்டிருக்க வேண்டும். உயிர் நம்பியிருக்கும் இடத்தில் பாசம் பார்க்கக்கூடாது, வெட்டத்தான் வேண்டும். மற்ற இடங்களில் கை வைக்க நமக்கு என்ன அவசரம்?

கதவு இடைவெளி விலகாமல் குறுக்கே கம்பி கட்டி, அடித் தகடுகளை மட்டும் வெட்டி மாற்றினோம். பிஸ்கட் டின் ஒட்டுக்கு நிறமில்லாத வார்னிஷ் பூசினேன், பெயிண்ட் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காடி ஊத்தான் மெலிந்தாங் வரை போய்வருகிறது.