தோலைப் புதுப்பித்தலும் தம்ம நெறியும்



முகப்பரு விட்டுச்சென்ற வடுக்களை லேசர் சிகிச்சையால் போக்கிக்கொள்வது பௌத்தருக்குத் தகுமா என்று இளைஞர் ஒருவர் நம்மை வினவினார். உடல் அநித்தியம் என்று போதிக்கும் நெறியில் நின்று அதனை அழகு செய்வது குற்றமன்றோ என்பது அவர் ஐயம். நம்மவர் இல்லம் ஒன்றில் பெண் கேட்கச் சென்றபோது முகத்தைக் கண்டு மறுத்தனர் என்பதையும் தலைகுனிந்தே சொன்னார்.

புதிதாகத் துறவு பூணுவோர்க்குத் தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்னும் ஐந்தையும் உள்ளபடி எண்ணிப் பார்க்குமாறு போதிப்பது சங்கத்தின் மரபு. ஆயினும், உடலெங்கும் புண்ணாகி உடன் துறவிகளாலும் கைவிடப்பட்டுக் கிடந்த பூதிகத்த திஸ்ஸரைப் பகவான் தம் கையாலேயே வெந்நீரால் கழுவினார் என்று தம்மபத உரை கூறுகின்றது. கழுவிய பின்னரே நிலையாமையை உபதேசித்தார். ஆகவே தோலைப் பேணுதல் குற்றமாகாது. தோலைப் பற்றிய பொய்யை நம்புதலே குற்றம்.

ஒரு சிகிச்சையால் முகம் குழந்தை முகமாகிவிடும் என்பது முதற்பொய். லேசர் ஒளியும் அமிலப் பூச்சும் தோலை அளவோடு புண்படுத்துகின்றன. அப்புண் ஆறும்போது உடல் தானே புதுத்தோலையும், அதனடியில் கொலாஜன் என்னும் நாரையும் உண்டாக்குகின்றது. 2004-இல் அறிமுகமான பிராக்ஷனல் லேசர் முறையில், தோல் முழுவதையும் சுடாது நுண்ணிய புள்ளிகளாகச் சுடுவர். இடையிலுள்ள நல்ல தோல் புண்ணை விரைந்து ஆற்றும். எனினும் பன்முறை செய்துகொள்ள வேண்டும். சிவப்பும் வீக்கமும் சில நாட்கள் இருக்கும். பயன் தெரிய மாதங்கள் ஆகும். வடு மங்குமேயன்றி முற்றிலும் மறையாது. நம்மைப் போன்ற கருநிறத்தார்க்குச் சுட்ட இடம் மேலும் கறுத்துப்போதலும் உண்டு. ஆதலின் தேர்ந்த தோல் மருத்துவரையே நாடுதலும், வெயில் படாது காத்தலும் இன்றியமையாதன.

தோல் வெளுத்தால் மதிப்பு வரும் என்பது இரண்டாவது பொய். நம் முன்னோரைத் தீண்டினால் தீட்டு என்றவர் பார்த்தது பிறப்பை. எத்தனை முறை தோலை உரித்தாலும் அவ்வெறுப்பு உரியுமோ? 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கருடன் இலட்சக்கணக்கானோர் தம்மம் ஏற்றனர். அன்று ஒருவர் தோலும் மாறவில்லை, தலைகள் நிமிர்ந்தன.

எனவே அவ்விளைஞருக்கு நாம் உரைத்தது இதுவே: வடுவினால் மனம் நொந்து வெளியில் செல்லக் கூசுகின்றீரெனில், கிடைப்பது இவ்வளவே என்று அறிந்து, கைப்பொருளுக்கு அடங்கச் சிகிச்சை பெறுக, அதில் பாவமில்லை. பிறர் ஏளனத்துக்கு அஞ்சிக் கடன்பட்டுச் செல்வீரெனில், முதலில் அவ்வச்சத்துக்கு மருந்து தேடுக.

அவரை மறுத்த இல்லத்தாருக்கும் ஒரு சொல். பிறப்பால் ஒதுக்கப்பட்ட நாம், முகத்தால் ஒருவரை ஒதுக்கலாமா? திரிசரணம் ஓதிய வாயால் அம்மறுப்பைச் சொல்லியிருப்போமாயின், சிகிச்சை தேவைப்படுவது நமக்கே.