வதைபட்டவர் நல்லவராகவும் இருக்க வேண்டுமா?

கொடுமைக்கு ஆளானவர்களை நாம் ஒரே முகத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறோம். ஒடுங்கிய கண்கள், யாருக்கும் தீங்கு நினைக்காத மனசு, எதையும் பொறுத்துக்கொள்ளும் பக்குவம். நம் இரக்கம் அந்த முகத்துக்குத்தான் போகிறது. அதே மனிதர் கொஞ்சம் கோபப்பட்டால், காசுக்குக் கணக்குப் பார்த்தால், இன்னொருவரை இளக்காரமாகப் பேசினால் இரக்கம் சட்டென்று பின்வாங்கிவிடுகிறது. ‘இவங்களுக்கு இதெல்லாம் வேணும்’ என்ற பேச்சுகூட எழுகிறது. துன்பப்பட்டவர் நல்லவராகவும் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு படக்கதை.

ஆர்ட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்த ‘மௌஸ்’ அது. முதல் பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் நூலாக வந்தன. 1992இல் அதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஸ்பீகல்மனின் தந்தை விளாடெக் போலந்து நாட்டு யூதர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர்பிழைத்துப் பிறகு அமெரிக்காவில் குடியேறியவர். மகன் டேப் ரிக்கார்டரோடு அப்பாவின் எதிரே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வாங்கியதுதான் கதை. அதில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த தலைமுறைக்குப் படக்கதை என்றால் பொழுதுபோக்கு. இந்த எலிகளைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியாது.

எங்கள் பாடத்திட்டத்தில் இந்தப் புத்தகம் இல்லை. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இரண்டாம் உலகப் போர் இருக்கிறது. 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதைப் பிள்ளைகள் படிக்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த எண்ணுக்குள் ஒரு வீடு, ஒரு அப்பா, ஒரு சண்டை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நூலகப் பீரியடில் சில பக்கங்களைத் திரையில் போட்டு, வரி வரியாகச் சேர்ந்து வாசித்தோம்.

1942 ஆகஸ்ட் மாதம். சோஸ்னோவியெத்ஸ் நகர யூதர்களை எல்லாம் ஒரு விளையாட்டு மைதானத்துக்கு வரச் சொல்கிறார்கள். ஆவணத்தைச் சரிபார்த்து ஒவ்வொருவரையும் ஒரு பக்கமாகப் பிரித்து அனுப்புகிறார்கள். ஒரு பக்கம் வீட்டுக்கு, மறுபக்கம் சாவுக்கு. விளாடெக்கின் அப்பா பிழைக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டார். அவருடைய மகளும் அவளுடைய நான்கு பிள்ளைகளும் மறுபக்கம் நிற்கிறார்கள். கிழவர் வேலியைத் தாண்டி மகளிடம் போய்விடுகிறார். “ஏன் டீச்சர் அந்தப் பக்கம் போனாரு?” என்று ஒரு பையன் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: “மக அங்கதானடா நிக்கிது.”

இன்னொன்றையும் பிள்ளைகள் கவனித்தார்கள். விளாடெக் பேசும் ஆங்கிலம் ‘தப்பு’. சொற்கள் இடம் மாறி விழுகின்றன, வினைச்சொற்கள் காலம் தவறுகின்றன. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவரின் பேச்சு அது. மகன் அதைத் திருத்தாமல் அப்படியே எழுதியிருக்கிறார். வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்று பயந்து தலைகுனிந்து உட்காரும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய தைரியம் தரும் பாடம் எனக்குத் தெரியாது. ஒரு நூற்றாண்டின் மிகப் பெரிய கொடுமைகளில் ஒன்றுக்கு இந்த உடைந்த ஆங்கிலம் சாட்சி சொல்லியிருக்கிறது. அதோடு, ஆஷ்விட்ஸில் விளாடெக்கைக் கொஞ்ச காலம் காப்பாற்றியதும் ஆங்கிலம்தான். கைதிகளை மேற்பார்வை பார்த்த போலந்துக்காரன் ஒருவன், நேசநாடுகள் ஜெயித்தால் உதவும் என்று ஆங்கிலம் கற்க ஆசைப்பட்டான். கற்றுக்கொடுத்த விளாடெக்குக்கு நல்ல உணவும் அளவான உடையும் கிடைத்தன.

இதுவரை எல்லாரும் விளாடெக்கின் பக்கம்தான். பிறகு இரண்டாம் பாகத்தில் அந்தக் கார்ப் பயணம் வந்தது.

அமெரிக்காவில், பல ஆண்டுகளுக்குப் பிறகு. மருமகள் பிரான்சுவாஸ் காரை ஓட்டுகிறார். வழியில் கைகாட்டிய ஒரு கறுப்பினத்தவரை ஏற்றிக்கொள்கிறார். விளாடெக்குக்குப் பொறுக்கவில்லை. தன் மொழியில் முணுமுணுக்கிறார். வாங்கிவந்த மளிகைச் சாமான்களை அந்த ஆள் திருடிவிடுவான் என்று வழி முழுக்கக் காவல் காக்கிறார். அவர் இறங்கியதும் மருமகள் கொதித்துப்போகிறார். நாஜிகள் யூதர்களைப் பற்றிப் பேசியதைப் போலவே நீங்கள் கறுப்பர்களைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று கேட்கிறார். அதையும் இதையும் ஒப்பிடவே கூடாது என்று விளாடெக் மறுத்துவிடுகிறார்.

வகுப்பில் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவன் கேட்டான்: “டீச்சர், அப்ப இவருக்காகப் பரிதாபப்படணுமா, வேணாமா?”

நெருப்பில் இட்ட பொன் மாசு நீங்கி ஒளிரும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மனிதர் பொன் அல்லர். ஆஷ்விட்ஸ் யாருக்கும் நல்லொழுக்கம் கற்பிப்பதற்காகக் கட்டப்பட்ட இடமும் அல்ல, கொல்வதற்காகக் கட்டப்பட்ட இடம். அங்கிருந்து ஒருவர் உயிரோடு வந்ததே பெரிது. உயர்ந்த மனிதராகவும் திரும்பியிருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. விளாடெக்குக்கு நடந்த அநீதி, அவர் கஞ்சராக இருந்ததாலோ இனவெறியோடு பேசியதாலோ ஒரு துளியும் குறைவதில்லை. அதேபோல, அவர் பட்ட பாடு, கார்ப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு அவர் இழைத்த அவமதிப்பை ஒரு துளியும் நியாயமாக்குவதில்லை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வது கடினம். பதினைந்து வயதில் அதைப் பழகாவிட்டால் ஐம்பது வயதிலும் வராது.

இந்தப் பழக்கம் எங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்கிறேன். முட்டுக்காடு ஊராட்சியில் இருக்கிறது வேங்கைவயல். அங்கே பட்டியல் சமூகக் குடும்பங்களுக்குக் குடிநீர் தந்த மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. அதற்கு முன்பே பிள்ளைகள் நோயில் விழுந்திருந்தார்கள். விசாரிக்கப்போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும், அந்த மக்கள் அய்யனார் கோயிலுக்குள் போக முடியாமல் இருந்ததையும் கண்டார்கள். அதிகாரிகளே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப்போனார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போலீசார், அதே சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். அந்த மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்க மறுத்து சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது பேருந்திலும் டீக்கடையிலும் நான் கேட்டது ஒரே தொனி: ‘பாத்தீங்களா?’ இரண்டு ஆண்டுகளாக மனசை உறுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டதைப் போன்ற நிம்மதி அதில் இருந்தது. தொட்டியில் கலந்தது யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். இரட்டைக் குவளையை வைத்தது யார் என்பதற்கும், கோயில் வாசல் யாருக்குச் சாத்தியிருந்தது என்பதற்கும் எந்தக் குற்றப்பத்திரிகையும் பதில் ஆகாது. பாதிக்கப்பட்டவரிடம் ஒரு களங்கம் கண்டுபிடித்துவிட்டால் நம் கணக்கு நேராகிவிடும் என்ற நினைப்பு எவ்வளவு சீக்கிரம் வருகிறது! அதனால்தான் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கும் விளாடெக்கைப் பிள்ளைகள் சந்திக்க வேண்டும் என்கிறேன்.

ஆஷ்விட்ஸையும் வேங்கைவயலையும் ஒன்றாக்குகிறாளே என்று யாரும் எண்ண வேண்டாம். அங்கே ஓர் அரசு ஓர் இனத்தையே அழிக்கத் திட்டமிட்டது. ஆஷ்விட்ஸ் ஒன்றில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த அளவை எதனோடும் சேர்த்துக் குறைத்துவிடக் கூடாது. ஆனால் கொலை முதல் நாளே தொடங்கவில்லை. 1935இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்து, ஜெர்மானியரோடு அவர்கள் மணம் செய்வதைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. 1938 நவம்பரில் யூதப் பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1941இல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டியதாயிற்று. தனிப் பெஞ்சு, தனி அடையாளம், தனி இடம் என்ற அந்த முதல் படிகளை எங்கள் பிள்ளைகள் பார்த்த உடனே புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலிருந்தே ஒரு படநூலும் இருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பீமாயணம்’. பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தது, 2011இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பாத்திரங்களைக் கட்டத்துக்குள் அடைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. பக்கம் முழுக்க உருவங்கள் திறந்து பரவுகின்றன. அதன் முதல் பகுதியே தண்ணீரைப் பற்றியது. பள்ளியில் தாகத்தோடு நிற்கும் சிறுவன் பீமைப் பார்த்தபோது, ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் நான் அவசரப்படவில்லை.

இதைச் சாதியோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். எங்கள் மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று 2021இல் பெயர் மாற்றினார்கள். முகாம் பிள்ளைகள் எங்கள் அரசுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். வன்னியின் கடைசிப் போரைப் பற்றி பெஞ்சமின் டிக்ஸ், லிண்ட்சே பொல்லாக் இருவரும் ‘வன்னி’ என்ற படநூலை 2019இல் கொண்டுவந்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1983 ஜூலையில் தமிழர்கள் தெருவில் கொல்லப்பட்டார்கள், 2009இல் முள்ளிவாய்க்கால் நடந்தது. இவற்றைச் சொல்லும்போது தமிழ் வாசகர் எல்லாருக்கும் நெஞ்சு கனக்கும். கனக்கத்தான் வேண்டும். ஆனால் 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரம். அவர்கள் பேசியதும் தமிழ்தான். அந்த அக்டோபரைச் சொல்வதால் ஜூலையின் நெருப்பு தணிந்துவிடாது. ஜூலையைச் சொல்லி அக்டோபரை மூடவும் முடியாது.

எழுத்தறிவும் இப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தை உலகுக்கே அறிமுகப்படுத்தியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் மாலையில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் பழகினார்கள். அந்தப் பெருமையை நான் எங்கே போனாலும் சொல்வேன். முப்பது ஆண்டு கழித்து அதே மாவட்டத்தில்தான் தொட்டித் தண்ணீர் நாறியது. துன்பப்பட்டதோ படித்ததோ மட்டும் ஒருவரை நேர்மையாளராக்கிவிடாது. தன்னைப் பற்றித் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும் பழக்கம் தனியாக வர வேண்டும்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மக்மின் கவுண்டிப் பள்ளி வாரியம், சில கெட்ட வார்த்தைகளையும் ஒரு நிர்வாணப் படத்தையும் காரணம் காட்டி, ‘மௌஸ்’ நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. வாக்களித்த பத்துப் பேரும் நீக்கத்துக்கே வாக்களித்தார்கள். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று பெரியவர்கள் பயப்படும் இடங்களில், பல நேரம் பிள்ளைகள் நம்மைக் கேட்கப்போகும் கேள்விகளைத்தான் நம்மால் தாங்க முடிவதில்லை.

அதனால் புத்தகத்தை வாசித்து முடித்தபின் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. வீட்டில் வயதான ஒருவரிடம் உட்கார்ந்து இரண்டு கேள்விகள் கேட்டு வரச் சொன்னேன். உங்களுக்கு யார் என்ன கொடுமை செய்தார்கள்? நம்மவர்கள் யாருக்கு என்ன கொடுமை செய்தார்கள்? முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் வந்தது. கந்துவட்டி, பஞ்சம், அடி, படகு, பறிபோன காணி. இரண்டாவதுக்குப் பல நோட்டுகளில் வெற்றிடம். ஒரு மாணவி மட்டும் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பாயி பதின்மூன்று வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு, புருஷனிடம் அடிபட்டு, அறிவொளியில்தான் தன் பெயரை எழுதக் கற்றவர். அந்த அப்பாயியே, வயலில் வேலை செய்ய வந்தவர்களுக்குக் கொட்டாங்குச்சியில் கஞ்சி ஊற்றியதைச் சொல்லியிருக்கிறார். ‘நானுந்தான் ஊத்துனேன், அப்ப அது தப்புன்னு தெரியல’ என்றாராம்.

அந்தப் பெண் தன் அப்பாயி மீது கொண்ட அன்பு குறையவில்லை, அவருடைய அழுகைக்கான நியாயமும் குறையவில்லை. ஆனால் கொட்டாங்குச்சி ஏந்திய கைகளும் இப்போது அவளுக்குத் தெரியும். வரலாற்றுப் பாடம், மொழிப் பாடம் எதுவாக இருந்தாலும், துன்பத்தைப் பற்றிப் பேசும் வகுப்பு அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் முடிய வேண்டும். முதல் கேள்வியோடு நின்றுவிட்டால் ஒவ்வொரு தெருவும் தன் காயத்தை மட்டும் எண்ணிக்கொண்டு வளரும். புதுக்கோட்டையில் அப்படி வளர்ந்த தெருக்கள் போதும்.